கிரேனியோசேக்ரல் தெரபி: ஒற்றைத் தலைவலிக்கு எடுத்தவர்கள் யாராவது உண்டா?

இடப்பக்கப்பொட்டு · செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். வயது 38, சென்னை, பதினான்கு வருட மைக்ரேன். எனக்கு எப்போதும் இடது பொட்டில்தான் ஆரம்பிக்கும். விண் விண் என்று தெறித்து, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால்கூட வயிற்றைப் புரட்டும். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால் அன்றைய நாள் போச்சு. சில தடவை மறுநாளும் சேர்த்துப் போகும். தலைவலி வராமலிருக்க ப்ரொப்ரனலால் 40 மாத்திரை தினமும் போடுகிறேன். வலி வரும்போது கடையில் கிடைக்கும் வலி மாத்திரை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வாரத்துக்கு மூன்று தடவை வந்து ஆளையே சாய்த்துவிட்டது. அலுவலகத் தோழி ஒருத்தி கிரேனியோசேக்ரல் செய்பவரிடம் அழைத்துப் போனாள். மசாஜ் இல்லை, எண்ணெய் இல்லை, உடுப்பைக்கூட மாற்ற வேண்டாம் என்றாள். மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். அவர் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் பிடரிக்கு அடியில் கொடுத்து அப்படியே வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பிசையவும் இல்லை, அழுத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கை நெற்றிக்கு வந்தது, அப்புறம் ஒரு கை இடுப்புக்கு அடியில் போனது. மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குறட்டைச் சத்தம் எனக்கே கேட்டு விழித்தேன்.

அதன் பிறகு 11 நாள் தலைவலி இல்லை. என் கணக்கில் அது தீபாவளி.

இரண்டாவது தடவை போனபோது பேச்சு மாறியது. மண்டை எலும்புகள் இறுகிவிட்டனவாம், மூளைத் தண்டுவடத் திரவம் ஒழுங்காக ஓடவில்லையாம். பத்து அமர்வு எடுக்க வேண்டும், மாத்திரை அத்தனையையும் இன்றே நிறுத்த வேண்டும், மாத்திரைதான் உடம்பை அடைத்து வைத்திருக்கிறது என்றார். ஓர் அமர்வு 2,500 ரூபாய், பத்துக்கும் சேர்த்துக் கட்டினால் 20,000.

வீட்டுக்காரர் "தலையில் கையை வைத்ததற்கு இருபதாயிரமா?" என்கிறார். அவர் சொல்வதும் புரிகிறது. ஆனால் அந்த 11 நாள் பொய் இல்லையே. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிசியோ · செவ்வாய், இரவு 11:25

பிசியோதெரபியில் இருபது வருடம் ஓட்டியவன். முதலில் அவசரமானது: ப்ரொப்ரனலாலை யார் சொன்னாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறலாம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்த டாக்டர் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்.

இனி கதை. வில்லியம் சதர்லண்ட் என்று ஓர் அமெரிக்க ஆஸ்டியோபதி வைத்தியர், அதாவது எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யப் பார்ப்பவர். 1899இல் மிசௌரியில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் மாணவராக இருந்தபோது, எலும்பு எலும்பாகப் பிரித்துக் காட்சிக்கு வைத்திருந்த மண்டையோட்டைப் பார்க்கிறார். பொட்டெலும்பின் ஓரம் சாய்வாகச் சீவினாற்போல் இருக்கிறது. மீனின் செவுள் மாதிரி இருக்கிறதே, அப்படியானால் இதுவும் மூச்சு விடுவது போல அசையத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறது. எல்லாம் அந்தச் செவுளிலிருந்து வந்ததுதான். 1970களில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் அப்லெட்ஜர் அதை எடுத்து வளர்த்து கிரேனியோசேக்ரல் ஆக்கினார். 1985இல் ஃப்ளோரிடாவில் தன் பெயரிலேயே பயிற்சி நிலையமும் தொடங்கினார். கையின் அழுத்தம் 5 கிராம் போதும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் 2011 முதல் 2018 வரை வந்த 2 ரூபாய்க் காசு இருந்தால் நெற்றியில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த எடைதான்.

திரவம் அசைவது நிஜம். இதயத் துடிப்போடும் மூச்சோடும் சேர்ந்து அசைகிறது, எம்ஆர்ஐயில் பார்க்கலாம். ஆனால் இவர்கள் அதையெல்லாம் தாண்டித் தனியாக ஒரு தாளம் இருக்கிறது, நிமிடத்துக்கு 6 முதல் 12 தடவை, கை வைத்தால் தெரியும் என்கிறார்கள். 1994இல் இதில் தேர்ந்த மூன்று பிசியோக்களை விட்டு, அதே 12 பேரை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணச் சொன்னார்கள். மூன்று பேர் சொன்ன எண்களுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரே நாடியை மூன்று நர்ஸ் பிடித்து மூன்று கணக்குச் சொன்னால் நாம் என்ன நினைப்போம்?

வளர்ந்த ஆளின் மண்டையோட்டை 5 கிராமில் யாரும் நகர்த்த முடியாது. உங்கள் மண்டை எலும்பு இறுகியிருக்கிறது என்றால், ஆமாம், இறுகித்தான் இருக்க வேண்டும்.

மரிக்கொழுந்து · புதன், காலை 6:10

பிசியோ சார், தாராளமாகக் கிண்டல் பண்ணுங்கள். என் அம்மாவுக்கு முப்பது வருட ஒற்றைத் தலைவலி. ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் ஆறு தடவை அழைத்துப் போனோம். தலைவலி பாதியானது. எலும்பு அசைந்ததா, திரவம் ஓடியதா, எங்களுக்கு அது தேவையில்லை. அந்த அம்மா மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் இல்லை, பேக்கேஜ் விற்கவும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அம்மாவை எந்த டாக்டரும் மூன்று நிமிடத்துக்கு மேல் உட்கார வைத்ததில்லை. அந்த அம்மா ஒரு மணி நேரம் தலையை ஏந்திக்கொண்டிருந்தார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது அம்மா சொன்னது, "என் தலையை இப்படி யாரும் பிடித்ததே இல்லை." அறுபத்திரண்டு வயது அவருக்கு.

குரோம்பேட்டை குமார் · புதன், காலை 8:02

கை வைப்பதோடு விட்டால் பரவாயில்லை. சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இந்தப் பக்கம் ஒரு சொடக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடக்கு நெட்டி எடுப்பார்களே, தலைவலிக்கு நல்லது என்று அதற்கென்றே போகிற ஆட்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கழுத்தெலும்புக்குள் ஏறும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். அபூர்வம்தான், ஆனால் அந்த அபூர்வம் முப்பது வயதுக்காரனுக்கும் வரும்.

மெல்போர்ன்வாசி · புதன், காலை 9:47

நான் கிரேனியோ பார்த்ததில்லை, அதன் ஒன்றுவிட்ட தங்கை போவனைப் பார்த்திருக்கிறேன். இங்கே பக்கத்தில் ஜீலாங் என்ற ஊர். அங்கே டாம் போவன் என்று ஒருவர், டாக்டர் இல்லை, சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர். தானாக ஒரு கைமுறையைக் கண்டுபிடித்துக் கூட்டம் கூட்டமாக ஆட்களைப் பார்த்தார். 1982இல் இறந்துவிட்டார், முறை உலகமெல்லாம் போய்விட்டது.

அதில் வேடிக்கை என்னவென்றால், தசைமேல் கட்டைவிரலை வைத்து வீணைத் தந்தியைச் சுண்டுவது போல் இரண்டு மூன்று இடத்தில் உருட்டுவார்கள். உருட்டிவிட்டு அறையை விட்டே வெளியே போய்விடுவார்கள்! உடம்பு அதை வாங்கிக்கொள்ள நேரம் வேண்டுமாம். முதல் தடவை எனக்குத் தெரியாது. ஏதோ போன் வந்துவிட்டது போல என்று நினைத்துப் படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. நாம் காசு கொடுத்துப் படுத்திருக்கிறோம், அவர் டீ போடுகிறார்.

சுகமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தலைவலிக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. முன்பெல்லாம் தனியார் காப்பீட்டில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். ஆஸ்திரேலிய அரசு இயற்கை வைத்திய முறைகளை வரிசையாக ஆராயச் சொல்லி, தெளிவான ஆதாரம் இல்லை என்று 2019 ஏப்ரல் 1 முதல் பதினாறு முறைகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். போவனும் போனது, கூடவே யோகாவும் போனது. கைக்காசு போட வேண்டி வந்ததும் என் கழுத்து தானாகச் சரியாகிவிட்டது.

கைப்பக்குவம் · புதன், காலை 11:30

மைக்ரேன் நண்பர்களே, மூன்றே அமர்வில் நிரந்தரத் தீர்வு, 100% கேரண்டி, தொடர்புக்கு [எண் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் · புதன், காலை 11:41

மேலே உள்ள பதிவில் எண்ணை நீக்கியிருக்கிறேன். இது மூன்றாவது தடவை, அடுத்ததில் கணக்கு முடக்கப்படும். மற்றவர்கள் தொடருங்கள்.

நாஞ்சில் நொச்சி · புதன், மதியம் 1:15

வெள்ளைக்காரன் கை வைத்தால் தெரபி, நம் ஊர் ஆசான் கை வைத்தால் நாட்டு வைத்தியம். சித்த மருத்துவத்தில் கையால் பிடித்துவிடுவதற்கே தொக்கணம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. எங்கள் குமரி மாவட்டத்தில் வர்மம் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் தாத்தா காலத்தில் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்து, சுக்கை உரசிப் பற்றுப் போட்டு, பிடரியைப் பிடித்துவிட்டால் முடிந்தது கதை.

பழைய பிசியோ · புதன், மதியம் 2:05

நாஞ்சில் அண்ணே, தொக்கணத்துக்கு மதிப்பு கொடுக்கிறேன், நானே ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்பவன்தான். ஆனால் தாத்தாவிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே. நம் ஊர்க் கையானாலும் ஃப்ளோரிடாக் கையானாலும் கேள்வி அதேதான். நொச்சி ஆவி சைனஸ் தலைபாரத்துக்கு இதமாக இருக்கும். அதே ஆவி மைக்ரேன்காரர் சிலருக்குத் தெறிப்பைக் கூட்டிவிடும். பார்த்திருக்கிறேன்.

மரிக்கொழுந்து அம்மாவுக்கு: உங்கள் அம்மா சொன்ன வாக்கியத்தை நான் கிண்டல் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். அதற்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரவு விரிவாக எழுதுகிறேன், இப்போது நோயாளி காத்திருக்கிறார்.

பழைய பிசியோ · புதன், இரவு 9:50

சரி, ஆய்வுகள். கிரேனியோசேக்ரலை மைக்ரேனுக்கென்றே பார்த்த ஆய்வு ஒன்று ஐஸ்லாந்தில் நடந்து 2013இல் வந்தது. மொத்தம் 20 பேர், நான்கு வாரத்தில் ஆறு அமர்வு. தலைவலி வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் கேள்வித்தாளில் மதிப்பெண் நன்றாகக் குறைந்தது. நல்ல செய்திதானே? பொய்ச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்ட ஒரு குழு அதில் இல்லை. கையால் குறைந்ததா, படுத்து ஓய்வெடுத்ததால் குறைந்ததா, தெரியாது.

அந்தக் குறை இல்லாத ஒன்று நார்வேயில் நடந்தது. இது கிரேனியோ இல்லை, கைரோபிராக்டிக், முதுகெலும்பைச் சொடக்கி எடுக்கும் முறை. ஆனால் நம் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. மைக்ரேன்காரர்கள் 104 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்கு நிஜ முறை. இரண்டாம் குழுவுக்குத் தோள்பட்டை எலும்பின் ஓரத்திலோ பிட்டத்திலோ சும்மா ஒரு தள்ளு. மூன்றாம் குழு வழக்கமான மாத்திரையோடு இருந்தது. மூன்று மாதத்தில் 12 அமர்வு. முடிவு 2017இல் வந்தது. மூன்று குழுவிலும் தலைவலி நாட்கள் குறைந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மாத்திரைக் குழு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நிஜ முறைக்காரர்களுக்கும் சும்மா தள்ளு வாங்கியவர்களுக்கும் பலன் நீடித்தது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. இருபது வருடம் கற்ற கை நுட்பத்துக்கும் சும்மா ஒரு தள்ளுக்கும் வித்தியாசம் இல்லை என்றால் யாருக்குத்தான் வலிக்காது.

2013இல் இன்னொரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. மைக்ரேன் தடுப்பு ஆய்வுகளில் பொய்ச் சிகிச்சை வாங்கியவர்களை மட்டும் எண்ணினார்கள். வெற்று மாத்திரை தின்றவர்களில் 100க்கு 22 பேருக்குப் பலன். பொய் அக்குபங்க்சரில் 38. பொய் அறுவைச் சிகிச்சையில் 58. சடங்கு கூடக் கூடப் பலனும் கூடுகிறது. இருட்டறை, முக்காலி, ஒரு மணி நேரம் ஏந்திய கை, இதுவும் பெரிய சடங்குதான். வலிக்கும் மூளைக்கு அது பொருட்டாகத்தான் படுகிறது.

இடப்பக்கப்பொட்டு அம்மா, உங்கள் 11 நாளுக்கு வருகிறேன். நீங்கள் போனது வாரம் மூன்று தடவை வந்த, இருப்பதிலேயே மோசமான மாதத்தில். மைக்ரேன் கடல் அலை மாதிரி, உச்சத்துக்குப் போனால் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். இறங்கும் நேரத்தில் யார் கை தலையில் இருக்கிறதோ அவருக்குப் பேர்.

இன்னொரு சந்தேகம். "வலி மாத்திரை" என்று ஒரு வரியில் போய்விட்டீர்களே, மாதம் எத்தனை நாள் போடுகிறீர்கள்? எண்ணிக்கை வேண்டாம், நாள் சொல்லுங்கள்.

இடப்பக்கப்பொட்டு · வியாழன், இரவு 10:15

சார், நீங்கள் கேட்டதும் "என்ன, நாலைந்து நாள் இருக்கும்" என்று எழுதவந்தேன். அப்புறம் சமையலறை காலண்டரைப் பார்த்தேன். பால் கணக்குக் குறிக்கும் அதே மாதத்தாளில், வலி வந்த நாளில் மூலையில் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம், மாத்திரை போட்டால் புள்ளியைச் சுற்றி வட்டம். ஆறு மாதத்து வட்டங்களை உட்கார்ந்து எண்ணினேன். 9, 11, 10, 13, 14, 13.

நாலைந்து நாள் இல்லை. பதின்மூன்று நாள். அது பாராசிட்டமாலும் காஃபீனும் இன்னொன்றும் கலந்த மாத்திரை. அட்டையைத் தேடினால் கைப்பையில் இரண்டு, அலுவலக மேசையில் ஒன்று, பூஜை அலமாரியில்கூட ஒன்று கிடந்தது.

பழைய பிசியோ · வியாழன், இரவு 10:50

எனக்கு அந்தச் சந்தேகம்தான். கலப்பு வலிமாத்திரையோ, மைக்ரேனுக்கென்றே உள்ள ட்ரிப்டான் வகையோ மாதம் 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியை வளர்க்க ஆரம்பித்துவிடும். வெறும் பாராசிட்டமால் என்றால் 15 நாள் என்பது கணக்கு. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், வலிக்குப் போடுவதே வலிக்குக் காரணமா என்பார்கள்.

இப்போது அந்தக் கைவைத்தியரின் பேச்சைத் திரும்பப் பாருங்கள். மாத்திரையை நிறுத்து என்றார். நம் பேச்சில் எல்லாமே மாத்திரை. ஆனால் தினமும் போடும் ப்ரொப்ரனலால் வராமல் தடுப்பது, வட்டம் போட்டுப் போடுவது வந்ததை அடக்குவது. தடுப்பதை நிறுத்தச் சொன்னது தப்பு, ஆபத்தும்கூட. அடக்குவதைப் பற்றி அவர் தெரியாமல் பாதி சரி சொல்லிவிட்டார்! நரம்பியல் டாக்டரிடம் அந்தக் காலண்டரையே கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள்.

குரோம்பேட்டை குமார் · வெள்ளி, காலை 7:30

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுத்தல், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி, இதற்கெல்லாம் எந்தக் கையையும் தேடிப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி.

மரிக்கொழுந்து · வெள்ளி, காலை 8:20

பிசியோ சார், முந்தாநாள் இரவு எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சும்மா தள்ளினாலும் குறையும் என்றால் சும்மாவே தள்ளிவிடு" என்கிறார். ஆனால் ஒன்று கேட்கிறேன். சடங்கென்று தெரிந்த பிறகும் வேலை செய்யுமா?

பழைய பிசியோ · வெள்ளி, காலை 9:05

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் இதமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. மைக்ரேனில் கழுத்து இறுகுவது நிஜம். கழுத்து நரம்பும் முகத்தின் உணர்வு நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன, அதனால் பலருக்கு வலி கிளம்பும் முன்பே பிடரி இழுக்கும். அங்கே இளஞ்சூடான ஒரு கை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அதற்குச் செவுள் கதை தேவையில்லை, இருபதாயிரமும் தேவையில்லை. அவ்வளவுதான் என் கட்சி.

இடப்பக்கப்பொட்டு · மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

இழையைத் தூசி தட்டுகிறேன், கேட்டவர்களுக்காக.

பேக்கேஜ் கட்டவில்லை. நரம்பியல் டாக்டர் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், பால் பாக்கெட் கணக்கையும் சேர்த்துப் படித்தார். கலப்பு மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். ப்ரொப்ரனலாலைக் கூட்டி, அதே தடுப்பு வேலைக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 சேர்த்தார். நிஜமாகவே பெரிதாக வந்தால் மட்டும் சுமாட்ரிப்டான், வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது.

முதல் பத்து நாளை விவரிக்க மாட்டேன். நான்காம் நாள் பூஜை அலமாரியைத் திறந்து பார்த்தேன். வீட்டுக்காரர் முன்னாடியே அட்டையை எடுத்துவிட்டிருந்தார், சண்டை போட்டேன். மூன்றாம் வாரம் மெல்ல விட்டது. போன மாதம் புள்ளி 6, வட்டம் 4. அதற்கு முந்தைய மாதம் புள்ளி 8. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வாய் உலர்கிறது, இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன்.

கிரேனியோ அம்சம் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. பிடரி இழுக்க ஆரம்பித்தால் மகள் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் அடியில் கொடுப்பாள். ஒன்பது வயது, கை சின்னது, தலை முழுக்க அடங்காது. பத்து நிமிடத்துக்கு ஐந்து ரூபாய் என்று பேச்சு. நேற்று ஏழாவது நிமிடத்திலேயே "அம்மா, கை மரத்துப் போச்சு, காசைக் குறைத்துக்கொள்" என்று எழுந்து போய்விட்டாள்.